கதவு சாத்தியிருந்த ஒரு மணி நேரம்

யாரோ ஈரச் சாக்கு மூட்டையை ஏற்றிவிட்டு இறக்க மறந்துபோன மாதிரி வலது தோள் கனத்தது. வேலை முடிந்து வந்த நெட்டை சிஸ்டர் துண்டைக் கொடியில் போடக் கையைத் தூக்கினாள்; கை பாதி வழியில் நின்றுவிட்டது. இடது கையால் போட்டாள். பசி வேறு. மாலைச் செபத்துக்கு முன்னால் வாயில் ஒன்றும் போடுவதில்லை என்று அவளும் கூட இருக்கும் சிஸ்டரும் தாங்களாகவே வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்து வயிற்றை ஏமாற்றினாள்.

துணி வெளுக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஆஸ்பத்திரி, விடுதி எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் அங்கே வரும். இயந்திரத்திலிருந்து முறுக்கிக்கொண்டு வரும் ஈர விரிப்புகளைப் பிரித்து, உதறி, வண்டியில் அள்ளிப் போட வேண்டும். அறுபதை எட்டிப் பார்க்கிற வயதில் செய்கிற வேலை இல்லை. மூட்டை தூக்கிப் பிழைத்த வீட்டில் பிறந்தவள்தான்; ஆனால் கன்னியர் சபையில் சேர்ந்த பிறகு, சபையின் பெரிய மருத்துவமனையில் நர்ஸாகவும் நர்ஸுகளுக்கு மேலாளாகவும் இருந்து உடம்பு கொஞ்சம் சொகுசு கண்டிருந்தது.

அந்த மருத்துவமனை வளர வளர, சபை தேய்ந்துகொண்டு வந்தது. சிஸ்டர்கள் நோயாளியின் கையைப் பிடிப்பதை விட்டுவிட்டு ரசீதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதிதாகச் சேர வருகிற பெண்கள் யாரும் இல்லை. சபைப் பேரவை கூடியது. நாம் எதற்காகத் தொடங்கப்பட்டோம், மறுபடி ஏழைகளின் தெருவுக்குப் போகவேண்டாமா என்று பலர் உருகிப் பேசினார்கள். யார் போவீர்கள் என்று சபைத் தலைவி கேட்டதும், அவ்வளவு நேரம் உருகியவர்கள் எல்லாம் தங்கள் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டு கைகள் மட்டும் மேலே போயின. ஒன்று நெட்டை சிஸ்டருடையது. மற்றது வேதாகமம் படித்துப் பட்டம் வாங்கிய, அவளைவிட மிகவும் இளைய ஒரு சிஸ்டருடையது.

வரிசை வீடுகள் உள்ள தொழிலாளர் தெருவில் இருவரும் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல் இடம். அறையின் மூலையில் சின்ன மரப் பேழையில் நற்கருணை, ஆண்டவராக வணங்கும் அப்பம். அதன் முன்னால் இரண்டு பாய். வந்த வாரமே தெரு அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டது. உயரமானவள் நெட்டை, மற்றவள் குட்டை. முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே.

பெயர் வைத்தது பக்கத்து வீட்டுக்காரி. அவளும் அதே கம்பெனியில் நீராவித் தேய்ப்பு இயந்திரத்தில் நிற்பவள். ஆவி அதிகம் வருவது இயந்திரத்திலிருந்தா அவள் வாயிலிருந்தா என்று அங்கே யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் அவள் 'ஸ்டீம்' அக்கா. காய்ந்த விரிப்புகளை மடிக்கும்போது அவளும் நெட்டை சிஸ்டரும்தான் ஜோடி. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து, எதிரெதிராக நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். முகம் பக்கத்தில் வருகிற அந்த நொடியில் அவள் ஒன்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியம்.

"புருஷன் கிடையாது, மாமியார் கிடையாது, உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் இந்த மூட்டை தூக்கற வேலை?"

அடுத்த விரிப்பில்: "நானா இருந்தா உட்கார்ந்த இடத்துல ஜெபம் பண்ணிக்கிட்டே சாப்பிடுவேன்."

அதற்கடுத்ததில்: "ஆனா ஜெபம் பண்ணா தூக்கம் வருது. அது ஒண்ணுதான் கஷ்டம்."

முதல் வருஷம் கதவு சாத்தவே இல்லை. காய்ச்சல், கட்டு மாற்றுவது, பிள்ளைகளுக்குப் பாடம், குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், விண்ணப்பம் எழுதுவது, எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது. திருப்பாடலில் ஒரு அடியை நெட்டை சொன்னால் மறு அடியைக் குட்டை சமையல் இடத்திலிருந்து கரண்டியோடு சொல்வாள். தியானம் என்று உட்கார்ந்தால் சுவரில் தலை சாய்ந்துவிடும். ஒரு நாள் குட்டை சிஸ்டர், ஒரு குழந்தையின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தவள், காரணமே இல்லாமல் அழத் தொடங்கினாள். வாரக்கணக்கில் அழுகை நிற்கவில்லை. சாமியிடம் பேசி எவ்வளவு நாள் ஆகிறது என்று தனக்கே ஞாபகமில்லை, இனி சபையில் இருந்து பயனில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

சபைத் தலைவி வந்து பார்த்தார். நல்ல மனுஷிதான், ஆனால் வார்த்தையில் வெண்ணெய் தடவமாட்டார். நீங்கள் நடத்துவது ஒரு சேவைக் கம்பெனி, அதில் ஆண்டவருக்குத்தான் வேலை இல்லை என்றார். மூன்று பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டு மௌனமாக உட்காருவது. போன் சமையல் இடத்து டப்பாவுக்குள். யார் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை. சின்ன விஷயத்துக்கு ஒரு தடவை எழுந்தால் அப்புறம் எல்லாமே பெரிய விஷயமாகிவிடும் என்றார் தலைவி. அது உண்மை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

தெருவில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு. சாமி கடையைச் சாத்திட்டார் என்று கேலி. அதை அடக்கியவள் ஸ்டீம் அக்காதான். அவள் புருஷன் இரவுக் காவல் வேலைக்குப் போகிற வாட்ச்மேன், மாலையானால் கிளம்பிவிடுவார். மகள் கல்யாணமாகி வேறு ஊரில். தனியாக இருப்பவள், வாசலில் உட்கார்ந்துகொண்டு, சிஸ்டர்கள் கதவைத் தட்ட வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவாள். உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் அவள் குரல் கேட்கும்.

"அவங்க சாமிகிட்ட பேசிக்கிட்டிருக்காங்க. உன் மாமியார் சண்டை ஒரு மணி நேரத்துல ஆறிப் போயிடாது, அப்புறம் வா."

உள்ளே குட்டைக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கும். அவளுக்கு மெல்ல மெல்ல உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. அழுகை நின்றது. வீட்டுக்குப் போகிறேன் என்ற பேச்சும் நின்றது. நெட்டைக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் வறண்டு கிடந்தது. தோள் வலிக்கும், முட்டி வலிக்கும், நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசனை போகும். ஆனாலும் உட்கார்ந்தாள்; சின்னவளுக்காக உட்கார்ந்தாள்.

தோள் தூக்க முடியாமல் துண்டை இடது கையால் போட்ட அன்றைக்குப் பிற்பகல், விரிப்பு மடிக்கும்போது ஸ்டீம் அக்கா பேசவே இல்லை. முனைகளைச் சேர்க்கும்போது பார்த்தால் முகம் வெளுத்திருந்தது. நெட்டை கேட்ட பிறகுதான், தாடை ஒரு மாதிரி இழுக்கிறது, காலையிலிருந்து குமட்டல், நீராவியில் நின்று நின்று இப்படி என்றாள். கம்பெனிக்குள் வெக்கை. எல்லோருக்குமே முகம் வெளுத்துத்தான் இருந்தது.

"சாயங்காலம் ஜெபம் முடிஞ்சதும் வா. பிரஷர் பார்க்கிறேன்" என்றாள் நெட்டை.

மருத்துவமனையில் ஒரு பெண் வந்து தாடை இழுக்கிறது, குமட்டுகிறது என்று சொல்லியிருந்தால் உடனே படுக்க வைத்து இதயத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பாள். எத்தனை நர்ஸுகளுக்கு அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் நர்ஸாக இல்லை. தோள் வலிக்கிற கூலிக்காரியாக இருந்தாள். வண்டியில் இன்னும் பாதி துணி கிடந்தது.

கதவைச் சாத்தினார்கள். மெழுகுவத்தி ஏற்றினாள் குட்டை. பாயில் உட்கார்ந்து முதல் திருப்பாடலை மாறி மாறிச் சொல்லிவிட்டு மௌனமானார்கள்.

அன்றைக்குத்தான் அது வந்தது. எப்படி வந்தது என்று நெட்டைக்குச் சொல்லத் தெரியாது. தோள் வலி அங்கேயே இருந்தது, ஆனால் தன்னுடையதாக இல்லை. இளம்பெண்ணாக, கன்னியாகவே வாழ்வேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்த காலத்தில் ஓரிரு தடவை அறிந்திருந்த ஒரு அமைதி, இனி இந்த ஜென்மத்தில் வராது என்று கைகழுவிவிட்டிருந்த ஒன்று, அழைக்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது, கலைந்துவிடுமோ என்று.

அப்போது கதவு தட்டப்பட்டது. பலமாக அல்ல. விரல் முட்டியால், கூச்சத்தோடு, இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

யாரென்று நெட்டைக்குத் தெரிந்தது. மற்றவர்கள் தட்டினால் கதவே ஆடும். பிரஷர் பார்க்க வந்திருக்கிறாள், சீக்கிரம் வந்துவிட்டாள் என்று நினைத்தாள். கண்ணை லேசாகத் திறந்து சின்னவளைப் பார்த்தாள். குட்டை கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை போல; எழுந்தால் அவளுக்கும் கலைந்துவிடும். நெட்டை மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம்தானே, பொறுத்துக்கொள்வாள். செருப்புச் சத்தம் மெதுவாகப் பக்கத்து வீட்டுப் பக்கம் போனது. அமைதி கலையவில்லை. கலையாததில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

நேரம் முடிந்ததும் பிரஷர் பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஸ்டீம் அக்கா சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வியர்த்து ரவிக்கை நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. நெட்டை அவளைக் கீழே கிடத்தி மார்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். தூக்கவே முடியாத அந்த வலது கைக்குப் பலம் எங்கிருந்து வந்ததோ, நிற்காமல் அழுத்தியது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, போதும் சிஸ்டர், விடுங்க என்று அவள் தோளைத் தொட்டு நகர்த்த வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் சீருடையோடு ஓடி வந்தார். தெருவே கூடியிருந்தது. அவர் அழுதார், பிறகு அழுகையை நிறுத்தி, எப்படி நடந்தது என்று கேட்டார்; கூடியிருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. யாரும் அவள் கூப்பிட்டதைக் கேட்கவில்லை. மெல்ல அவர் ஒரு ஆறுதலைத் தானே கட்டிக்கொண்டார்: பட்டென்று போய்விட்டாள். யாரையும் கூப்பிடக்கூட நேரமில்லாமல், வலி தெரியாமல் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னார். மகளிடம் சொன்னார். சிஸ்டர்களிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு சொன்னார்.

"பக்கத்து வீட்டுல நீங்க ரெண்டு பேரும் ஜெபத்துல இருந்திருக்கீங்க. அந்த ஜெபத்தோடயே போயிட்டா சிஸ்டரம்மா. எத்தனை பேருக்கு அப்படிக் கிடைக்கும்?"

நெட்டை அவருடைய கூப்பிய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. நெட்டைதான் ஆரம்பித்தாள். அவள் தட்டினாள், எனக்குக் கேட்டது என்றாள். சொல்லிவிட்டு, சின்னவள் அதிர்ச்சியடைவாள் என்று காத்திருந்தாள். குட்டை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கேட்டுச்சு சிஸ்டர்."

நெட்டை அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீங்க எழுந்திருப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க அசையவே இல்லை. உங்க முகம் அப்படி இருந்துச்சு. இத்தனை மாசத்துல நான் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. நான் எழுந்தா உங்களுக்குக் கலைஞ்சிடும்னு கண்ணை மூடிக்கிட்டேன்."

நெட்டைக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியவள் சின்னவளின் செபத்தைக் காப்பாற்றினாள், சின்னவள் பெரியவளின் செபத்தைக் காப்பாற்றினாள். இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றிய செபத்தின் வாசலிலிருந்து ஒருத்தி திரும்பிப் போனாள். அதுவும் எப்படித் திரும்பிப் போனாள்? தொந்தரவு செய்யக்கூடாதென்று, சத்தம் போடாமல். வேறு எந்த வீடாக இருந்திருந்தாலும் அவள் காலால் உதைத்துக் கூப்பிட்டிருப்பாள்.

பங்குச் சாமியாரிடம் போய் இருவரும் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். வயதானவர், பொறுமையாகக் கேட்டார். உங்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை, கடவுள் மன்னித்துவிட்டார் என்றார். வாட்ச்மேனிடம் போய்ச் சொல்லட்டுமா என்று நெட்டை கேட்டாள். அவருக்கு இருப்பது ஒரே ஒரு ஆறுதல்; உங்கள் பாரத்தை இறக்கிவைக்க அவருடைய ஆறுதலைப் பறிக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். தவறாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. நெட்டை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது தனக்குத்தான் வசதியாக இருந்தது. அதனாலேயே அவளுக்கு அதன்மேல் சந்தேகம்.

மறுமாதம் சபைப் பேரவை மறுபடி கூடியது. பெரிய கூடம், சுவரெல்லாம் ஒட்டிய தாள்கள், வண்ணப் பேனாக்கள். ஆன்மிகத்தையும் பணியையும் எப்படி ஒன்றாக்கினோம் என்று ஒவ்வொரு வீட்டாரும் பேச வேண்டும். தொழிலாளர் தெரு வீடுதான் முன்மாதிரி என்று சபைத் தலைவி ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நெட்டை எழுந்து போய் ஒலிவாங்கி முன் நின்றாள். எழுதிவைத்திருந்ததைப் பேசவில்லை. நடந்ததைச் சொன்னாள். அமைதி வந்ததையும் சொன்னாள், அதை விட்டு எழ மனமில்லாமல் இருந்ததையும் சொன்னாள்.

கூடத்தில் விம்மல் கேட்டது. சபைத் தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த விதியைப் போட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குத் துணிச்சல் வேண்டும். பிறகு கூட்டத்தை நடத்தியவர் வந்து நன்றி சொன்னார், மிக ஆழமான பகிர்வு என்றார். கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் சிஸ்டர்கள் வரிசையாக வந்து நெட்டையைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி, இதையே அடுத்த தியானத்துக்குப் பொருளாக வைக்கலாமே என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது குட்டை கேட்டாள்.

"இப்ப கொஞ்சம் லேசா இருக்கா?"

"இருக்கு. அதான் எனக்குப் பிடிக்கலை" என்றாள் நெட்டை. "சொல்ல வேண்டிய ஆளை விட்டுட்டு ஊரெல்லாம் சொல்லியாச்சு. கைதட்டும் வாங்கியாச்சு."

தெருவுக்கு வந்ததும் கையில் பையோடேயே பக்கத்து வீட்டுக்குப் போனாள். வாட்ச்மேன் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். மகள் வரச் சொல்லிவிட்டாள், இங்கே தனியாக இருந்து என்ன செய்ய, காவல் வேலையையும் விட்டாகிவிட்டது என்றார். பாதிச் சுவர் காலியாக இருந்தது. ஸ்டீம் அக்காவின் புடவைகளைக் கம்பெனிப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாராம். நெட்டைக்கு உட்கார ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சிஸ்டரம்மா. கூச்சமா இருந்துச்சு." அவர் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "நீங்க பெரிய ஆஸ்பத்திரில இருந்தவங்க. எத்தனையோ சாவைப் பார்த்திருப்பீங்க. உண்மையைச் சொல்லுங்க. அவளுக்கு வலிச்சிருக்காது, இல்ல?"

அவர் முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. பதிலை அவரே வைத்திருந்தார். அதில் கையெழுத்துப் போடத்தான் ஆள் கேட்டார்.

வியர்வையில் நனைந்த ரவிக்கை நெட்டையின் கண்முன்னால் வந்தது. வலி இல்லாத உடம்பு அப்படி நனையாது. மூன்று தட்டு தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வீடுவரை நடந்து, கால் நீட்டி உட்கார்ந்து, அடுத்த சுவருக்கு அந்தப்பக்கம் விளக்கு எரிகிறதைத் தெரிந்துகொண்டே காத்திருந்த உடம்பு அது.

"வலிச்சிருக்காது அண்ணா" என்றாள்.

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே என்று நினைவுபடுத்தினார். ஊருக்குப் போனதும் போன் பண்ணுங்க, உடம்பைப் பார்த்துக்குங்க, அதைத்தான் சொல்ல வந்தேன் என்றாள். அவர் கட்டி முடித்த மூட்டையைத் தெருமுனைவரை அவளே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார்.

இப்போதும் மாலையில் இருவரும் பாயில் உட்காருகிறார்கள். கதவைச் சாத்துவதில்லை, போனும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் யாரும் வருவதில்லை. ஸ்டீம் அக்கா தெருவை அவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டுப் போயிருந்தாள். திறந்த கதவைத் தாண்டிப் போகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், பிள்ளைகள் மெல்ல அடி வைத்து நடக்கின்றன. குட்டை வாசலில் நின்று, எப்ப வேணாலும் வாங்க என்று சொல்லிப் பார்த்தாள். சரி சிஸ்டர் என்றார்கள், வரவில்லை. அந்த அமைதி நெட்டைக்கு மறுபடி வரவும் இல்லை. வந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவும் தெரியாது.

வாட்ச்மேன் மகள் வீட்டிலிருந்து அவ்வப்போது போன் செய்கிறார். சாப்பிட்டீர்களா, தோள் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அவருடைய மருந்து மாத்திரைகளைப் பற்றி இவள் கேட்கிறாள். பேச்சு முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மாவில் அதைச் சொல்லிவிட நெட்டை வாயைத் திறப்பாள். அதற்குள் அவர், வைக்கிறேன் சிஸ்டரம்மா, எங்களுக்காக ஜெபம் பண்ணிக்குங்க என்று சொல்லி வைத்துவிடுவார்.

உங்கள் மனைவி உதவி கேட்டு எங்கள் கதவைத் தட்டினாள், எங்கள் இரண்டு பேருக்கும் அது கேட்டது, நாங்கள் எழுந்திருக்கவில்லை. இந்த உண்மையை அவள் அவருக்குத் தர வேண்டும். இன்றுவரை தரவில்லை.